பிரேக் பார்க்கிறவன்

1

இந்த ஏப்ரலோடு நான் நியூசிலாந்துக்கு வந்து ஏழு வருஷம். எங்கள் ஊர்ப்பக்கம், ஆரணியில், தார் ரோடு உருகுகிற மாதம். இங்கே பாமர்ஸ்டன் நார்த்தில் காலையில் கார் கண்ணாடி மேல் பனி படிந்திருக்கும். காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். வருஷா வருஷம் நாங்கள் வந்திறங்கிய தேதியில் என் மனைவி மலர் கேசரி கிண்டுவாள். இந்த முறை வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருந்ததால் தேதி வந்துபோனதே யாருக்கும் தெரியவில்லை.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் கொஞ்சம் வயதான வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிரேக், டயர், விளக்கு, சீட் பெல்ட், துரு எல்லாம் பார்த்து, தேறினால் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டுவோம். தேறாவிட்டால் ஒட்டமாட்டோம். அந்த ஒட்டுகிற, ஒட்டாத ஆள்தான் நான். ஊரில் என்னை ‘கார் ஆபீசர்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் நாள் முழுக்க எண்ணெய் படிந்த பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிற உத்தியோகம். கழுத்துவலிக்கு மலர் தேய்த்துவிடும் தைலத்தின் வாசனையில்தான் நான் தூங்குவதே.

இந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. இங்கே லைசென்ஸ் வாங்கப் போனபோது முதல் தடவை ஃபெயில். பரீட்சை வைத்த அம்மா என் ரிவர்ஸைப் பார்த்து வாயைப் பிளந்தார். பின்னால் கண் வைத்த மாதிரி ஓட்டுகிறாயே என்றார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஹாரன் அடித்தேன். யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார். யாரையும் திட்டவில்லை, வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன் என்று விளக்கினேன். இந்த ஊர் வழக்கப்படி ‘யெஸ், நோ’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஃபெயில் போட்டார். இங்கே ஆமாம் என்றால் ஆமாமா, இல்லையா என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இருந்தாலும் இந்த ஊருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். டயர் கடையில் சக்கரம் உருட்டிக்கொண்டிருந்தவனைப் படிக்கவைத்து, பரீட்சை எழுதவைத்து, கையில் டார்ச் கொடுத்துப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டது இந்த ஊர்தான்.

2

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் ஊர் கார் கிளப்காரர்கள் ஏதாவது ஒரு மாட்டுப்பண்ணையில் கூடுவார்கள். புல்வெளியில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு, வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக அதில் ஓடவேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்குக் கைதட்டல். கோப்பையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஓரத்தில் ஒரு அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருக்கும். மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அசைபோட்டபடி பார்க்கும்.

ஓட்டத்தைவிட அங்கே நடக்கிற சண்டைதான் எனக்குப் பிடிக்கும். கிளப் தலைவர் கென், எழுபது வயது, பால்பண்ணைக்காரர். அவர் கட்சி: நசுங்கினால் கண்ணீர் வராத வண்டிதான் புல்வெளிக்குச் சரியான வண்டி. அவருடைய கார் கதவு ஒரு நிறம், கூரை ஒரு நிறம். வெல்டிங் வேலை செய்யும் ஸ்டூ என்கிற இளைஞன் கட்சி வேறு: டர்போ இல்லாத வண்டி தையல் மெஷின். ஜப்பானில் பத்து வருஷம் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்திறங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கே காய்கறி மாதிரி மலிவு. அவற்றில் ஒன்றை வாங்கி அதற்குமேல் இன்னொரு காரின் விலைக்குச் சாமான் போட்டிருக்கிறான். மூன்றாவது கட்சி நான். திங்கட்கிழமை காலையில் எந்த வண்டியில் வேலைக்குப் போகிறாயோ அதே வண்டியை ஞாயிற்றுக்கிழமை ஓட்டு, இருக்கையைக் கழற்றாதே, முதலில் பிரேக்கைப் பார், அப்புறம் இன்ஜினைத் தொடு. இதை நான் ஏதோ வேதம் மாதிரிச் சொல்வதால், ஓட்டத்துக்கு முன்னால் வண்டிகளைப் பரிசோதிக்கும் பொறுப்பைக் கிளப்பில் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்சி என்னுடையது அல்ல. ஆரணியில் இருக்கும் என் சிநேகிதன் கவுஸுடையது. ஒரு காலத்தில் இதை எதிர்த்து அவனிடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.

3

தொண்ணூற்றி ஒன்றில் எனக்கு இருபத்துமூன்று வயது. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு கிராமத்தில் அப்பா வீட்டுத் தறியில் பட்டு நெய்தார். பட்டும் ஜரிகையும் கொடுத்து வேலை வாங்குகிறவர் ஆரணியில் இருந்த ஒரு முதலாளி. எங்களைப் போல பத்துப் பதினைந்து வீடுகளுக்கு அவர்தான் பாவு கொடுப்பார். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏறும் முன் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிப் பக்குவம் பார்ப்பார்கள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, அந்த முதலாளி தெருவின் கோடியில் ஷெட் வைத்திருந்த கவுஸோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் என் வயதுதான். தெருவில் கார் வைத்திருந்த பட்டு முதலாளிகள் எல்லாரும் அவனிடம்தான் வண்டி விடுவார்கள்.

எங்களுக்கும் ஒரு பந்தயம் இருந்தது. கோடையில் ஏரி வற்றினதும் அதன் நடுவில் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் கோடு போடுவோம். ஒரு டாக்சி, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் ஒரு வெள்ளை வண்டி, ஒரு ஓட்டை ஜீப், அப்புறம் நாங்கள். விபத்தில் நொறுங்கிக் கிடந்த எண்ணூறு சிசி சின்னக் கார் ஒன்றை நானும் கவுஸும் சேர்ந்து வாங்கி எழுப்பியிருந்தோம். நேரம் பார்க்க டாக்சி டிரைவரின் கைக்கடிகாரம். மோதிக்கொள்வதற்குக்கூட வண்டிகள் போதாத பந்தயம்தான், ஆனால் அதற்காக நாங்கள் போட்ட சண்டைகள் உலகத்தரம்.

எனக்கு எடை பிடிக்காது. பின் இருக்கையைக் கழற்றினேன். தரைவிரிப்பு, ஸ்டெப்னி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி எல்லாம் போயிற்று. கடைசியில் ஹேண்ட்பிரேக் லீவரையும் கேபிளையும் கழற்றி எறிந்தேன். கவுஸுக்கு வந்ததே கோபம். “வூட்டு ஆளுங்க உக்கார எடம் இல்ல, மேட்டுல நிறுத்தினா நிக்கறதுக்கு வழி இல்ல. இதுக்குப் பேரு வண்டியாடா? இதுக்கு சைக்கிள் ஓட்டிகினு போலாம்” என்றான். நான் அவனைக் கிழவன் என்றேன்.

ஒரு நாள் மாலை அவன் பிரேக் ஆயில் மாற்றினான். லைனுக்குள் காற்று நிற்கும், அதை வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. இருட்டிவிட்டது. “ஏர் இன்னும் எடுக்கல. காலைல நான் வந்து எடுக்கறேன். அதுவரைக்கும் சாவியத் தொடாத” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் அவன் வருவதற்கு முன்னாலேயே நான் வண்டியை எடுத்தேன். ஹேண்ட்பிரேக் இல்லாமல் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பார்க்க ஆசை. பெடலை இரண்டு தடவை மிதித்தால் மூன்றாவது தடவை பிடித்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தெருவில் பாவு கட்டியிருந்தால் வண்டி அதைத் தாண்டக் கூடாது, பக்கத்தில் ஒட்டிப் போகவும் கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே ரிவர்ஸில் தெரு முழுக்கப் போக வேண்டும். ஆரணி டிரைவர்கள் பின்பக்கம் ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள் ஆனது இப்படித்தான். அன்று காலையும் தெருவை அடைத்துப் பாவு கட்டியிருந்தது. மாம்பழ மஞ்சள், கல்யாணச் சேலைக்கு. நான் மிதித்தேன், பெடல் தரைக்குப் போயிற்று. மறுபடி மிதித்தேன். மூன்றாவது தடவைக்கு நேரம் இருக்கவில்லை. கை தன்னால் ஹேண்ட்பிரேக்கைத் தேடிப் போய், அது இருந்த ஓட்டைக்குள் விழுந்தது. பாவின் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய், வண்டி ஒரு மின்கம்பத்தில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து முன்பக்கத்தில் சுற்றியிருந்தன.

அது எங்கள் அப்பாவுக்கு வேலை கொடுத்த அதே முதலாளியின் வீட்டுப் பாவு.

கவுஸ் ஓடிவந்தான். என்னைத் தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போய், காதருகில் சொன்னதை இன்றைக்கும் அப்படியே எழுத முடியும். “வாய மூடிகினு இரு. தப்பு உன்னுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு உங்க வூட்ல தறி நின்னுடும். எனக்கின்னா, நாலு நாளு திட்டுவாங்க, மறந்துடுவாங்க.” பிறகு திரும்பிப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிரேக் வேலையை அரைகுறையாக விட்டது தான்தான், வண்டி ரெடி என்று சொல்லி எடுக்கச் சொன்னதும் தான்தான் என்றான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தெருவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாவை அறுத்தவர், அறுந்த இழைகள் எல்லாம் சேரும்வரை நெய்கிறவர் எதிரில் உட்கார்ந்து நுனிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். கவுஸ் உட்காரத் தயாராகத்தான் வந்தான். ஆனால் கிரீஸ் ஊறிய மெக்கானிக் கையைப் பட்டில் வைக்க யார் விடுவார்கள்? அவனுக்குப் பதிலாக நான் உட்காருகிறேன் என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். முதலாளியின் மகள் எதிரில் இருந்து இழை பிரித்துக் கொடுப்பாள், நான் நுனி தேடிக் கொடுப்பேன். ‘சிநேகிதன் செய்த தப்புக்குத் தான் வந்து உட்கார்ந்த பையன்’ என்று தெருவே என்னைப் பற்றிப் பேசியது. முதலாளிக்கு என்மேல் அப்படியொரு மதிப்பு வந்துவிட்டது. அடுத்த வருஷமே, தன்னிடம் வேலை செய்கிறவரின் மகன் என்றுகூடப் பார்க்காமல், தன் மகளை எனக்குக் கட்டிவைத்தார். அந்த மகள்தான் மலர்.

நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று கவுஸ் சொன்னது நடக்கவில்லை. தெருவில் ஒருவரும் அதற்குப் பிறகு அவனிடம் வண்டி விடவில்லை. ஆறே மாதத்தில் ஷெட்டைக் காலிசெய்துவிட்டு, ஊருக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டுக்குப் போய்விட்டான். லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தான். என்னிடம் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

4

தெரு நம்பிய இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லாத நாளில்லை. மலர் அதை மகள் திவ்யாவுக்குத் தாலாட்டு மாதிரிச் சொல்லி வளர்த்தாள். நான் ஊருக்கு போன் பண்ணி கவுஸிடம் பேசினால், திவ்யா ‘பிரேக்க மறந்த அங்கிளா?’ என்று கேட்பாள். நான் ‘ம்’ என்பேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கிளப்பில் முதல் தடவை ஓட்டியபோது ஒரு கூத்து நடந்தது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்த ஓரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடா காற்றில் அவிழ்ந்து, நான் ஓடுகிற பாதைக்குக் குறுக்கே விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை இழுத்துக்கொண்டே போயிருப்பார்கள். நான் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, இறங்கிப்போய் அந்த நாடாவை அலுங்காமல் சுருட்டி ஓரத்தில் வைத்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கென் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மலர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, “நீங்க மாறவே இல்லீங்க” என்று சொல்லி என் தோளைத் தொட்டாள். எனக்கு அந்தத் தோள் எரிந்தது.

அப்பாவின் பிழைப்புக்காகத்தானே மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம். அப்பா இரண்டாயிரத்து மூன்றில் காலமானார். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. காரணம் அப்பா அல்ல, மலர்தான் என்று அப்போது புரிந்தது. எந்த மனிதனை நம்பி அவள் ஏழுகடல் தாண்டி வந்தாளோ, அந்த மனிதனே கிடையாது என்று எப்படிச் சொல்வது?

இந்த மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஊரிலிருந்து மாமனாரின் போன் வந்தது. மலர்தான் பேசினாள். கவுஸின் மகன் இம்ரான் படித்து முடித்துவிட்டான். அதே தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய விசைத்தறிக் கொட்டகையை வாடகைக்குக் கேட்கிறான், வண்டி சர்வீஸ் வைக்க. கொட்டகை மாமனாருடையது. அவர் சரி என்றால் தெருவும் சரி என்னும். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், ஆனால் அவன் அப்பன் பிரேக் விஷயத்தில் செய்ததை நினைத்தால் மனசு வரவில்லை என்றாராம். மாப்பிள்ளைதான் கார் ஆபீசர், அவர் சொல்கிறபடி செய்வோம் என்று முடித்தாராம்.

மலர் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் யோசிப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, கொடுக்கச் சொல் என்றேன். இம்ரானுக்கு இடம் கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

போனை வைத்துவிட்டு வந்த மலர் கண்ணில் தண்ணீர். “அன்னிக்கி உங்க உயிரே போயிருக்கும். அவரு புள்ளைக்கே எடம் குடுக்கச் சொல்றீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்?” என்றாள்.

பதினேழு வருஷம் கவுஸின் நல்ல பெயரைச் சாப்பிட்டேன். இப்போது அவனையே மன்னித்த மகாத்மாவாகவும் ஆகிவிட்டேன். இவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்ததே இல்லை. திங்கட்கிழமை பரிசோதனைக்கு வந்த ஒரு கிழவரின் வண்டியை, தேறக்கூடியதை, இரண்டு தடவை சோதித்தும் சீட்டு ஒட்ட முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பள்ளத்தில் இருந்தவன் வந்து ஒட்டினான்.

5

திவ்யாவுக்குப் பதினைந்து வயது. இந்த நாட்டில் அந்த வயதிலேயே ஓட்டப் பழகுவதற்கு லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட மட்டும் இங்கிலீஷ். பாட்டு வகுப்பை விட்டாள், கோயிலுக்கு வருவதை விட்டாள், என்னோடு அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே பேச்சு கார்தான். பள்ளி முடிந்ததும் ஒரு பேக்கரியில் வேலை செய்து, இரண்டு கதவு வைத்த ஒரு சின்ன ஜப்பான் வண்டியை வாங்கினாள். ஸ்போர்ட்ஸ் என்று பக்கத்தில் எழுதியிருக்கும், அதைத் தவிர அதில் ஸ்போர்ட்ஸ் எதுவும் கிடையாது. வந்ததும் முதல் காரியமாகப் பின் இருக்கையைக் கழற்றினாள். எடை குறைய வேண்டுமாம். நான் கத்தினேன், அவள் என்னைக் கிழவன் என்றாள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு அவளுடைய முதல் ஓட்டம். மலர் இட்லியும் ஃபிளாஸ்கில் காபியுமாக வந்திருந்தாள். வழக்கம்போல் நான் வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திவ்யாவின் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போயிற்று.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது, என்னிடம் சொல்லாமல், முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகிற ஹோஸைத் தானே மாற்றியிருக்கிறாள். ஏர் சரியாக எடுக்கவில்லை. நான் இறங்கி, இன்று ஓட்ட முடியாது என்று தலையசைத்தேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. எத்தனையோ வாரமாகக் காத்திருந்த நாள், தோழிகள் வேறு வந்திருந்தார்கள். கென் அவள் பக்கம். வெறும் புல்வெளிதானே, முதல் கியரில் மெதுவாக ஒரு சுற்று போய்வரட்டும், இதெல்லாம் ஜாலிக்காகத்தானே தயா, என்றார். ஸ்டூவும் தலையாட்டினான். சுற்றி நின்றவர்களில் என் கட்சியில் ஒருவரும் இல்லை.

“ரெண்டு தடவ பம்ப் பண்ணா பிடிக்குதுப்பா” என்றாள் திவ்யா. “ஒரே ஒரு ரன். ப்ளீஸ்.”

 திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“ரெண்டு தடவ மிதிச்சா புடிக்கும்னுதான் நானும் நெனச்சேன். கவுஸ் ஒண்ணும் மறக்கல. வண்டியத் தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனான். நாந்தான் எடுத்தேன். ஹேண்ட்பிரேக்கக் கழட்டி எறிஞ்சதும் நாந்தான். பாவ அறுத்தது கவுஸ் இல்ல திவ்யா, நான்.”

தமிழில் சொன்னதால் கென்னுக்கு ஒன்றும் புரியவில்லை, பிரேக் பற்றி ஏதோ திட்டுகிறேன் என்று நினைத்து மெதுவாக நகர்ந்துபோனார். திவ்யா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே மலர் இட்லி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த மூணு நாளும் நான் எதிர்ல உக்காந்து இழை எடுத்துக் குடுத்தனே, அப்ப உங்களுக்கு இது தெரியுமில்ல?”

தெரியும் என்றேன்.

திவ்யா அதற்குப் பிறகு வாதாடவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, அம்மாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். 

6

மலர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பா தயாராக இருக்கும், துணி மடித்திருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு நல்ல மனிதனைக் கதையில் குற்றவாளியாக வைத்துப் பதினைந்து வருஷம் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று அவள் குமைந்தாள் என்று திவ்யா மூலம் தெரிந்தது. கராஜில் நானும் திவ்யாவும் அந்த வண்டியின் பிரேக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாள். அவள் பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து நட்டைத் திறந்து மூட, ஒரு மணி நேரம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வருஷத்தில் அவள் என்னோடு அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

புதன்கிழமை மாலை மலரே ஊருக்கு போன் போட்டாள். அப்பாவிடம் நலம் விசாரித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது என் வாயால வந்ததா ஆயிடும்” என்றாள்.

மாமனாருக்கு எழுபத்தாறு வயது. ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, ஹேண்ட்பிரேக், கவுஸ் காதில் சொன்னது, எங்கள் அப்பாவின் தறி, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது.   முடித்ததும், “சரிங்க மாப்ள, போன வெய்ங்க” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான்கு நாள் கழித்து கவுஸ் கூப்பிட்டான். அவன் என்னைக் கூப்பிடுவதே அபூர்வம், வெளிநாட்டு போனுக்கு ஆகிற செலவு அவனுக்குக் கட்டுப்படியாகாது. எடுத்ததும் திட்டு. இத்தனை வருஷம் கழித்து எந்தக் கழுதை உன்னைச் சொல்லச் சொன்னது, நான் கேட்டேனா, ஒரு மனுஷன் செய்ததை இன்னொருத்தன் இப்படித் திறந்துபோடலாமா, பேஜார் புடிச்சவனே, என்று மூச்சுவிடாமல் திட்டினான்.  மலர் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினாள். திவ்யாவும் வந்து நின்றாள்.

திட்டி முடித்ததும் அவன் குரல் இறங்கியது.

“உங்க மாமனாரு நேத்து வந்தாருடா” என்றான். “ஸ்கூட்டர தள்ளிகினு வந்தாரு. அந்தத் தெருவுலேர்ந்து சேத்துப்பட்டு ரோடு வரைக்கும், இந்த வயசுல, இந்த வெயில்ல. சட்டையெல்லாம் நனஞ்சி போச்சி. நான் பதறிப்போயி சேரப் போட்டா உக்காரல. ‘இதுக்கு பிரேக்கு பாரு கவுஸு’ன்னாரு. வேற ஒரு வார்த்த இல்ல.”

பதினேழு வருஷத்தில் அந்தத் தெருவிலிருந்து அவனிடம் வந்த முதல் வண்டி. பிரேக்கில் என்ன கோளாறு என்று கேட்டேன். 

“ஒண்ணுமே இல்லடா. ரெண்டு பிரேக்கும் புதுசாட்டம் கீது.” என்றான் கவுஸ். “அத அவராண்ட சொல்லல. மொத்தமும் கழட்டி, தொடச்சி, மாட்டிக் குடுத்தேன். வரும்போது தள்ளிகினு வந்தவரு, போவும்போது ஓட்டிகினு போனாருடா.”